மின்கலமும் மெல்லேடும்

ஒரு பொருளை அதன் பெயரொலி கொண்டு மதிப்பதா, அது தரும் பயன் கொண்டு மதிப்பதா என்னும் வினா உலகிற்குப் புதிதன்று. ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக்குரிய பொருளை முன்வைத்து அவ்வினாவை மீண்டும் கேட்டுக்கொள்ளுதல் கடனாகிறது. நம் காலத்தில் அவ்வாறு கேட்கத்தக்க பொருள் ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றிப் பயன்படுத்தும் மின்கலங்களின் எதிர்முனையை ஆக்குவதற்கென, ஓர் அணுவின் கனமோ சில அணுக்களின் கனமோ மாத்திரமே உடைய மெல்லிய தகடுகளை உலகெங்கும் ரஸாயன சாஸ்திரிகள் தேடி வருகின்றனர். நீளமும் அகலமும் உடையனவாய், கனம் என்பது பேருக்கே உடையனவாய் இருத்தலின், இவற்றை இருபரிமாண நானோப் பொருள்கள் என்று வழங்குவர். பனையேட்டைக் கண்டறிந்த நமக்கு இவற்றை 'மெல்லேடு' என்றழைத்தல் எளிது. இக்கட்டுரையில் அப்பெயரையே வழங்குவோம்.

இது நம்மூர்க்கு எட்டாத சங்கதி என்று மாணாக்கர் எவரும் எண்ணற்க. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றவரும் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளோடு மின்சார ஆட்டோக்களும் சேர்ந்துவிட்டன. அத்தகைய வண்டியில் விலைமிக்க உறுப்பு மின்கலமே. வண்டிக்கு வாங்கிய கடன் தீருமுன் மின்கலம் தளருமாயின், ஓட்டுவோன் குடும்பமும் உடன் தளரும். அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியில் மின்சார ஸ்கூட்டர்களும் மின்கலங்களும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. ரஸாயனமும் பௌதிகமும் கற்ற நம் இளைஞர் வேலை நாடிச் செல்லத்தக்க இடங்களுள் அவையும் அடங்கும். ஆகவே மின்கலத்தின் உள்ளே நிகழ்வது யாது, அதனைச் செம்மைப்படுத்த நாம் செய்யத்தக்கது யாது என்று ஆராய்தல் நமக்கு வெறும் பொழுதுபோக்கு ஆகாது.

இக்கட்டுரையின் கருத்தை முதலிலேயே சுருங்கச் சொல்லி விடுகிறோம். மெல்லேடுகளைப் பற்றிய ஆராய்ச்சி வேண்டுவதே. ஆயினும் கலாசாலைகளில் அது பெரும்பாலும் நடைபெறும் முறை மாறுதல் வேண்டும். ஒரு கிராமுக்கு இத்துணைக் கொள்ளளவு என்று பெரியதோர் எண்ணைக் காட்டி நின்றுவிடும் ஆராய்ச்சியை விட்டு, முழுமையான மின்கலத்தில் நிலைத்து நின்று உழைப்பது எது என்று அளந்தறியும் ஆராய்ச்சிக்கு நாம் திரும்ப வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் எளிய கரிப்பொருள்களினின்றே அம்முயற்சியைத் தொடங்கவும் வேண்டும். இதற்குக் காரணங்களை முறையே காட்டுவோம்.

லித்தியம் மின்கலத்தின் தொழில் விளங்க நம்மூர்ச் சத்திரம் ஒன்றை உவமையாகக் கொள்ளலாம். மின்கலத்தில் நேர்முனை, எதிர்முனை என இரண்டு முனைகள் உண்டு. இடையே லித்தியம் உப்பைக் கரைத்த திரவம் உண்டு. மின்சாரம் ஏற்றுங்கால் லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டுப் புறப்பட்டுத் திரவத்தின் வழியே வந்து எதிர்முனையில் தங்குகின்றன. மின்சாரத்தை நாம் செலவிடுங்கால் அவை வந்த வழியே திரும்புகின்றன. எதிர்முனை என்பது யாத்திரிகர் தங்கும் சத்திரம் என்க. இன்று பெரும்பாலும் அச்சத்திரமாய் நிற்பது கிராபைட்டு என்னும் பென்சிற்கரி. அதன் கரி அணுக்கள் அறுகோண வலைபோலப் பின்னிய தளங்களாய், ஒன்றன்மேல் ஒன்றாக 0.335 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன. பென்சிலால் எழுதும்பொழுது காகிதத்தில் ஒட்டுவது அவ்வடுக்கினின்று உரிந்த ஏடுகளே. காக்கைப்பொன் என்னும் அப்பிரகத்தை நகத்தால் உரித்துப் பார்த்தவர்க்கு இவ்வடுக்கின் இயல்பு எளிதிற் புலனாகும்.

லித்தியம் அயனிகள் இத்தளங்களுக்கு இடையே நுழைந்து, ஆறு கரி அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்னும் ஒழுங்கில் தங்குகின்றன. அந்நிலையில் கிராபைட்டு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு பருக்கிறது. அயனிகள் வெளியேறியதும் பழையபடி சுருங்குகிறது. இவ்வாறு ஆயிரம் முறைக்கு மேலும் பருத்துச் சுருங்கியும் அது சிதைவதில்லை. அதன் கொள்ளளவு ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி என்று கணக்கிடப்பட்டுள்ளது. இவ்வெண்ணை வாசகர் நினைவிற் கொள்வாராக. புதிய எதிர்முனைப் பொருளெல்லாம் இதனோடுதான் ஒப்பிடப்படும்.

இவ்வரலாற்றில் அடுக்குப் பொருள்களுக்குத் தொடக்கம் முதலே இடமுண்டு. 1970-ஆம் ஆண்டுகளில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்பார் எக்ஸான் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில், டைட்டேனியமும் கந்தகமும் சேர்ந்த அடுக்குப் பொருளொன்றை நேர்முனையாகவும், லித்தியம் உலோகத்தையே எதிர்முனையாகவும் வைத்து மின்கலம் அமைத்தார். 1980-ஆம் ஆண்டுகளில் கனடா நாட்டு மோலி எனர்ஜி கம்பெனி, மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த அடுக்குப் பொருளை நேர்முனையாக்கி மின்கலங்களை விற்பனைக்கே கொணர்ந்தது. லித்தியம் உலோகத்தின் மேல் ஊசி ஊசியாக வளர்ந்த முளைகள் இத்தகைய மின்கலங்களுக்குப் பெரும் பகையாயின. தீ விபத்து நேர்ந்தமையால் 1989-இல் அக்கம்பெனியின் மின்கலங்கள் திரும்பப் பெறப்பட்டன. இடையில், 1980-இல் ரஷீத் யாஸமி என்பார் கிராபைட்டின் அடுக்கினுள் லித்தியத்தை மின்முறையால் புகுத்தி மீட்கலாம் என்று காட்டினார். அதே ஆண்டில் ஜான் குடினஃப் குழுவினர் கோபால்ட்டு அடங்கிய நேர்முனையை அறிவித்தனர். 1985-இல் ஜப்பான் தேசத்து அகிரா யோஷினோ கரியை எதிர்முனையாக்கி உலோகத்தின் அபாயத்தை விலக்கினார். 1991-இல் ஸோனி கம்பெனி இவ்வகை மின்கலத்தைக் கடைக்குக் கொணர்ந்தது. விட்டிங்ஹாம், குடினஃப், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019-இல் ரஸாயனத்திற்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது. வியக்கத்தக்க எண்ணை உடைய லித்தியம் உலோகம் தோற்க, அடக்கமான எண்ணை உடைய கரி வென்றதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

நிற்க. 2004-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்னும் இருவர், சாதாரண ஒட்டுநாடாவைக் கொண்டு கிராபைட்டினின்று ஒரே அணுக் கனமுள்ள கரியேட்டை உரித்தெடுத்தனர். அதுவே கிராபீன் எனப்படுவது. 2010-இல் அவ்விருவர்க்கும் பௌதிகத்துக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் மெல்லேடுகளுக்கு ஒரு பொற்காலம் பிறந்தது. பெங்களூரில் ஸி. என். ஆர். ராவ் அவர்களின் குழுவினர் 2010-இல் மாலிப்டினமும் கந்தகமும், டங்ஸ்டனும் கந்தகமும் சேர்ந்த பொருள்களைக் கிராபீன் போன்ற ஏடுகளாக ஆக்கும் முறைகளை வெளியிட்டனர். 2011-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் சர்வகலாசாலையார் டைட்டேனியமும் கரியும் சேர்ந்த 'மெக்ஸீன்' என்னும் ஏடுகளை அறிமுகம் செய்தனர். 2014-இல் கரும் பாஸ்வரத்தின் ஏடும் உரிக்கப்பட்டது.

இவற்றுள் ஒவ்வொன்றையும் எதிர்முனையாக்கலாம் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெருகின. கூறப்பட்ட எண்களோ மயக்குவன. கரியேட்டின் இரு புறமும் லித்தியம் தங்குமெனக் கொண்டால் 372 என்பது 744 ஆகும் என்றனர். மாலிப்டினக் கந்தகத்திற்கு ஏறத்தாழ 670 என்றும், பாஸ்வரத்திற்கு 2,596 என்றும் கணக்கிட்டனர். கேட்போர் கிராபைட்டின் காலம் முடிந்ததென்றே எண்ணியிருப்பர். ஆயினும் கிராபீன் புகழ்பெற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், கடையில் விற்கும் மின்கலங்களின் எதிர்முனையில் பெரும்பான்மையும் கிராபைட்டே அமர்ந்திருக்கிறது. அதற்குக் காரணம் யாது? மெல்லேட்டை முன்வைத்து நாம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளில் விடை அடங்கியுள்ளது.

முதற் கேள்வி: முதன்முறை மின்னேற்றத்தில் எவ்வளவு லித்தியம் திரும்பாமற் போகிறது? சத்திரத்தின் வாசலில் சுங்கம் தண்டுவதாக வைத்துக்கொள்வோம். எதிர்முனையின் மேற்பரப்பைத் தொடும் திரவம் முதன்முறையில் சிதைந்து, ஓரளவு லித்தியத்தை விழுங்கி, ஒரு மெல்லிய தோலாகப் படிகிறது. அத்தோல் பின்னர்க் காவலாக நின்று மேலும் சிதைவைத் தடுக்கும். ஆதலின் அது வேண்டுவதே. ஆயினும் விழுங்கிய லித்தியம் மீளாது. மேற்பரப்பு மிகுமளவும் சுங்கம் மிகும். ஒரு கிராம் கிராபீனை முழுதும் விரித்தால் அதன் பரப்பு கணக்குப்படி 2,630 சதுர மீட்டர். நம் நில அளவையிற் சொன்னால் ஏறக்குறைய 65 சென்ட். ஒரு சிட்டிகை கரியில் 65 சென்ட் நிலத்திற்குச் சுங்கம் கட்டுவது யாரால் இயலும்? நல்ல கிராபைட்டில் முதன்முறை ஏற்றிய மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு அல்லது அதற்கு மேலும் திரும்பி வரும். பரப்பு மிகுந்த கரியேடுகளிலோ பாதியளவே திரும்பி வருதலும் உண்டு.

இக்குறை சோதனையில் மறைந்துவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆராய்ச்சிச் சாலைகளில் பெரும்பாலும் நிகழ்வது அரைக்கலச் சோதனை. அதாவது, சோதிக்கும் பொருளுக்கு எதிரே லித்தியம் உலோகத் தகடொன்றை வைத்துவிடுவர். அத்தகடோ வற்றாத ஊற்று. எத்துணை அயனிகள் சுங்கத்தில் ஒழிந்தாலும் மேலும் மேலும் வந்துகொண்டே இருக்கும், எண்ணும் குறையாது. கடையில் விற்கும் மின்கலத்திலோ நேர்முனையில் வைத்த லித்தியமே முதலும் கடைசியும். நூறு அயனிகளில் ஐம்பது முதல் நாளே ஒழியுமாயின் எஞ்சிய ஐம்பதைக் கொண்டே மின்கலம் வாழ்நாள் முழுதும் காலம் கழிக்க வேண்டும். அரைக்கலத்தில் அரசன், முழுக்கலத்தில் ஆண்டி என்று சொல்லத்தக்க பொருள்கள் பல உள.

இரண்டாம் கேள்வி: எடையைப் போலவே இடத்தையும் அளந்தீர்களா? பஞ்சு மூட்டையும் நெல் மூட்டையும் ஒரே அளவு இடத்தை அடைக்கலாம், எடை ஒன்றாமோ? மெல்லேட்டுத் தூள் பஞ்சுபோலப் பொங்கி நிற்பது. தாமிரத் தகட்டின்மேல் அதனை மிகச் சிறிதளவு பூசிச் சோதித்தால் எண் பெரிதாக வரும். வண்டிக்குரிய மின்கலத்தில் பூசுவதுபோலத் தடித்துப் பூசினால் அயனிகள் உட்புகும் வழி நீளும். ஏடுகள் மீண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்பொழுது அரும்பாடுபட்டு உரித்தது மறுபடியும் கிராபைட்டாகவே முடிகிறது.

மூன்றாம் கேள்வி: எந்த மின்னழுத்தத்தில் அந்தக் கொள்ளளவு கிடைக்கிறது? மேல்நிலைத் தொட்டியின் நீருக்கும் கிணற்று நீருக்கும் அளவு ஒன்றாயினும், குழாயைத் திறந்தால் பாய்வது உயரத்து நீரே. நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு அவ்வுயரம் போன்றது. கிராபைட்டு லித்தியம் உலோகத்தின் அழுத்தத்துக்கு மிக அண்மையில், ஏறத்தாழ ஒரே நிலையில் அயனிகளை ஏற்று விடுகிறது. ஆதலின் உயரம் குறையாது. மெல்லேடுகள் பலவற்றில் அவ்வழுத்தம் சரிந்துகொண்டே போகிறது. ஏற்றும்பொழுது ஓர் உயரமும் இறக்கும்பொழுது மற்றோர் உயரமுமாகி, நடுவில் உள்ள சக்தி வீணாகிறது. கொள்ளளவை மட்டும் சொல்லி அழுத்தத்தைச் சொல்லாது விடுதல், சம்பளத்தைச் சொல்லிப் பிடித்தத்தை மறைத்தலை ஒக்கும்.

நான்காம் கேள்வி: முழுக்கலத்தில் மிச்சம் எவ்வளவு, அதற்குக் கொடுக்கும் விலை எவ்வளவு? ஈண்டுச் சிறியதொரு கணக்கைப் பார்ப்போம். நேர்முனைப் பொருள் ஒரு கிராமுக்கு 160 மில்லி ஆம்பியர் மணி தருவதாகக் கொள்வோம். அந்த ஒரு கிராமுக்கு ஈடாக வேண்டிய கிராபைட்டு 160-ஐ 372-ஆல் வகுக்க 0.43 கிராம். இரு முனைகளும் சேர்ந்து 1.43 கிராம், கிராமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 112. இப்பொழுது எதிர்முனையின் கொள்ளளவை இரட்டிப்பாக்கி 744 என்று வைப்போம். வேண்டிய எதிர்முனை 0.215 கிராம், இரு முனைகளும் சேர்ந்து 1.215 கிராம், கிராமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 132. எதிர்முனையின் எண் நூற்றுக்கு நூறு கூடியும், இருமுனைகளின் எண் நூற்றுக்குப் பதினெட்டே கூடியது! தாமிரத் தகடு, அலுமினியத் தகடு, திரவம், உறை இவற்றின் எடையையும் சேர்த்தால் அப்பதினெட்டும் இன்னும் சுருங்கும். அச்சிறு லாபத்துக்காகக் கொடிய ஹைட்ரோபுளோரிக் திராவகத்தையோ அதிக விலைப் பொருளையோ கையாள வேண்டுமாயின், கணக்கு நேராகுமா என்பதை மாணாக்கரே தீர்மானிக்கலாம்.

இவ்வளவும் கூறியது மெல்லேட்டைப் பழிப்பதற்கன்று. தனக்குரிய இடத்தில் அது பெரும்பணி செய்யும். சிலிக்கனைப் பாருங்கள். அதன் கொள்ளளவு ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 3,579. ஆயினும் லித்தியத்தை உண்டு அது தன் பருமனைப்போல் மூன்று நான்கு மடங்கு வீங்கி வெடித்துத் தூளாகிறது. அவ்வீக்கத்தை மடிப்பு மடிப்பாகத் தாங்கிக்கொண்டு, உதிர்ந்த துகளுக்கும் மின்சாரத் தொடர்பு தருவதற்குக் கரியேடு உதவும். விரைவாக மின்னேற்றுதலிலும் ஏடுகளுக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஏனெனில் அயனி நடக்க வேண்டிய தூரம் குறைவு. காந்திநகர் ஐ.ஐ.டி.யைச் சார்ந்த கபீர் ஜசூஜாவும், ஜப்பான் உயர் விஞ்ஞான நிலையம் ஒன்றைச் சார்ந்த நொரியோஷி மாட்ஸுமியும் தம் மாணவரோடு சேர்ந்து, டைட்டேனியம் டைபோரைடு என்னும் பொருளினின்று ஆக்கிய நானோத் தகடுகளை விரைவில் மின்னேறும் எதிர்முனைக்கென 2022-இல் வெளியிட்டனர். அவற்றைச் செய்யும் முறை பாராட்டத்தக்கது. நீர்த்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு கரைசலில் அத்தூளைக் கலந்து வைத்து எளிதாக ஆக்குகின்றனர். பெருமளவிற் செய்ய இயலுமா என்னும் கேள்வியை முதலிலேயே மனத்திற் கொண்ட முயற்சி அது. மெல்லேட்டு ஆராய்ச்சி செல்லவேண்டிய திசை இதுவே.

இனி நம் வீட்டு நிலையைக் காண்போம். தமிழ்நாட்டிற் சிவகங்கையில் கிராபைட்டு உண்டு. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே சுரங்கமும் தூய்மைப்படுத்தும் ஆலையும் நடத்தி வந்துள்ளது. தோண்டியெடுக்கும் கல்லில் கரி சராசரியாக நூற்றுக்குப் பதினான்கு பங்கே. ஆலையில் மிதக்கவிட்டுப் பிரித்து நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வரையில் உயர்த்துவர். உலைச் செங்கல்லுக்கும் மூசைக்கும் பென்சிலுக்கும் அது போதும். மின்கலத்துக்கோ நூற்றுக்கு 99.95 பங்கு தூய்மை வேண்டும். தூளும் உருண்டையாக உருட்டப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு உருட்டுவதில் பாதிக்கு மேலும் கழிவாக உதிர்ந்துவிடுவதும் உண்டு. இவ்விரண்டு படிகளே கல்லுக்கும் மின்கலத்துக்கும் நடுவே கிடக்கும் அகழி.

அவ்வகழியைத் தாண்டுவிக்கும் வித்தையும் தொலைவில் இல்லை. அதே சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியில், 'சிக்ரி' என்று யாவரும் வழங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நிற்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-இல் ஜவாஹர்லால் நேரு அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்; 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். 2018-இல் லித்தியம் மின்கலம் செய்யும் முறையைத் தனியார் கம்பெனி ஒன்றுக்கு அளிக்க அந்நிலையம் உடன்படிக்கையும் செய்தது. கல்லும் ஒரே மாவட்டத்தில், கல்வியும் ஒரே மாவட்டத்தில்! ஆயினும் உலகில் மின்கல எதிர்முனைத் தூளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செய்யப்படுவது சீன தேசத்தில். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் அத்தேசம் சிலவகைக் கிராபைட்டின் ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று விதித்தபொழுது, உலகத்துத் தொழிற்சாலைகள் பல கலங்கின. அதே ஆண்டில் இந்திய சர்க்கார் இன்றியமையாத கனிமங்கள் முப்பது என்று வெளியிட்ட பட்டியலில் கிராபைட்டும் இடம்பெற்றது. பட்டியலில் ஏறிவிட்டால் மட்டும் கல் கலமாகிவிடாது.

கடல் கடந்த நம் அண்டைத் தீவின் வரலாறு நமக்கு எச்சரிக்கை. இலங்கையில் போகலை, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களிற் கிடைக்கும் கிராபைட்டு, தோண்டியபொழுதே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேலும் தூய்மை உடையது. உலகில் அதற்கு நிகர் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அது பீப்பாய்களிற் கப்பலேறி, மேனாட்டு உலைக்களங்களில் உலோகம் உருக்கும் மூசையாயிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் அதன் தேவை உச்சிக்கு ஏறியது. போர் ஓய்ந்ததும் விலை சரிந்து, சுரங்கங்கள் பல மூடப்பட்டன. தோண்டியவர்க்குக் கூலி; மாற்றியவர்க்குச் செல்வம். அண்மைக் காலத்தில் அத்தீவார் அதே கரியினின்று கிராபீன் செய்து விற்க முயல்வது, தாமதமாயினும் நன்முயற்சியே.

இதுகாறும் கூறியவற்றால், சிறு கலாசாலை செய்யத்தக்கது என்ன என்னும் கேள்வி எழும். கிராபைட்டைத் தூய்மை செய்தல் பேராலையின் வேலை. லித்தியம் மின்கலத்தை ஈரமற்ற கண்ணாடிப் பெட்டியினுள்ளே பூட்டுதலும் பெருஞ்செலவினது. ஆயினும் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு வாயில் திறந்திருக்கிறது. லித்தியத்துக்கு மாற்றாகச் சோடியத்தைக் கொண்டு மின்கலம் செய்யும் முயற்சி உலகில் ஓங்கி வருகிறது. சோடியம் உப்பிலேயே உள்ளது. மரக்காணத்து உப்பளங்கள் நமக்குத் தொலைவல்ல. ஆனால் சோடியம் அயனி கிராபைட்டின் அடுக்கினுள் இசைந்து தங்குவதில்லை. அதற்கு வேண்டுவது, ஏடுகள் ஒழுங்கின்றிச் சரிந்து, சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டாற்போல் இடையிடையே வெற்றிடம் விட்டு நிற்கும் வன்கரி. அவ்வன்கரி தேங்காய்ச் சிரட்டையினின்றும், மணிலாக்கொட்டை ஓட்டினின்றும், இவைபோன்ற தாவரக் கழிவினின்றும் ஆக்கத்தக்கது. 2015-இல் கனடா தேசத்து ஆல்பர்ட்டா சர்வகலாசாலையைச் சார்ந்தோர், வேர்க்கடலை ஓட்டினின்றே சோடியம் மின்சேமிப்புக் கருவி ஒன்றன் இரு முனைகளையும் செய்து காட்டினர்.

மணிலா விளையும் பூமி நம்முடையது. செங்கம், போளூர், கலசபாக்கம் பக்கத்துக் கொல்லைகளில் அறுவடைக்குப்பின் உடைத்துக் குவியும் ஓடு அடுப்புக்கும் சூளைக்கும் போகிறது. அவ்வோட்டைக் கழுவி உலர்த்திக் காற்றுப் புகாது கரியாக்குதலும், அமிலத்தில் அலசிச் சாம்பலை நீக்குதலும், எஞ்சிய சாம்பல் நூற்றுக்கு எத்தனை என்று நிறுத்தலும் இளநிலை வகுப்பு மாணாக்கர் செய்யத்தக்கனவே. தூளை அளவுக் குழாயில் இட்டுத் தட்டித் தட்டி அமிழ்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று காணுதற்கு வேண்டுவன தராசும் பொறுமையுமே. எந்த ஊர் ஓடு, எந்தப் பருவத்துப் பயிர், எவ்வளவு சாம்பல், எவ்வளவு நெருக்கம் என்று பத்தாண்டு விடாது குறித்து வைத்த ஒரு புத்தகம் நம் ரஸாயன சாலையில் இருக்குமாயின், பெரிய ஆராய்ச்சி நிலையத்தாரும் அதனை நாடி வருவர். ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட உலையும் மின்கலச் சோதனையும் வேண்டியபொழுது அத்தகைய நிலையங்களின் உதவியை நாம் வேண்டலாம். கையிலே நல்ல மாதிரியும் நேர்மையான அளவும் உடையவன் எக்கதவையும் தட்டலாம்.

சிலர் இதனை மறுத்துக் கூறலாம். 'வேலைக்கும் மேற்படிப்புக்கும் வேண்டுவது அச்சான கட்டுரைகளே; மெல்லேடு என்றால் பத்திரிகைகள் ஏற்கும்; ஓட்டுக்கரியின் சாம்பலை யார் அச்சிடுவர்?' என்பர். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. மாணாக்கரின் பிழைப்பை மறந்து உபதேசம் செய்தல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆயினும் தொழிற்சாலையில் வேலைக்கு எடுப்போர், ஒருவன் கண்ட பெரிய எண்ணைக் காட்டிலும், முதன்முறை இழப்பையும் பூச்சின் கனத்தையும் கேட்டவுடன் சொல்லத் தெரிந்தவனையே விரும்புவர். மேலும், மேற்கூறிய நான்கு கேள்விகளுக்கு விடை தரும் மெல்லேட்டுக் கட்டுரை எந்தப் பத்திரிகையிலும் தாழ்ந்துவிடாது. பொருளை மாற்றச் சொல்லவில்லை; அளவையை முழுமையாக்கவே சொல்கிறோம்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம். ஆசிரியர்கள், மின்கலப் பொருள் பற்றிய மாணாக்கர் ஆராய்ச்சி ஒவ்வொன்றின் முகப்பிலும் முதல் இழப்பு, பூச்சின் எடையும் நெருக்கமும், மின்னழுத்தம், முழுக்கலக் கணக்கு ஆகிய நான்கையும் எழுதுமாறு விதிப்பாராக. மாணாக்கர்கள், எண்ணியபடி வாராத சோதனையையும் மறையாது குறிப்பேட்டில் எழுதுவாராக. தோற்ற சோதனையின் குறிப்பு பின்வருவோனுக்கு ஓராண்டை மிச்சமாக்கும். பழைய மாணவர்களுள் தொழிற்சாலைகளிலும் மின்சார வாரியத்திலும் வண்டித் தொழிலிலும் இருப்போர், பயன்பட்டுத் தளர்ந்த மின்கலம் எவ்வாறு, எத்தனை மாதத்தில், எந்தக் கோடையில் தளர்ந்தது என்னும் செய்தியைக் கலாசாலைக்கு எழுதியனுப்புவாராக. ஆராய்ச்சிச் சாலையின் குளிர்ந்த அறையில் அறியக்கூடாத உண்மைகள் சித்திரை வெயிலில் ஓடும் வண்டியில் வெளிப்படும்.

மெல்லேடு மெல்லியதாயிருத்தல் அதன் இயல்பு. அதனைப் பற்றிய நம் அறிவு மெல்லியதாயிருத்தல் ஆகாது. கரி எளிய பொருள். அடுப்பிலும் பென்சிலிலும் மூசையிலும் நம்மோடு பழகியது. அதனைச் செவ்வையாக அளந்தறிந்த நாட்டார் இன்று உலகத்து வண்டிகளை ஓட்டுகின்றனர். நாமும் அளக்கத் தொடங்குவோமாக.